நேற்று ஓடிய வண்டி

பழைய மோட்டார் வண்டியொன்றைத் தம் கையாலேயே பழுது பார்த்து, துடைத்து, நட்டுகளையெல்லாம் முடுக்கி, மூடியைச் சாத்திவிட்டுச் சாவியைத் திருப்பும் ஒருவர், அது கிளம்பாமற் போமாயின் முதலிற் சொல்லும் சொல் யாது? "வண்டிக்கு வயதாகிவிட்டது" என்பதே. அச்சொல் பெரும்பாலும் பொய் என்பதே யான் ஈண்டு எழுதப் புகுந்த கருத்து. நேற்று மாலை வரை ஓடிய வண்டிக்கு ஓரிரவில் இருபது வயது கூடிவிடுவதில்லை. இடையில் நிகழ்ந்தது ஒன்றே. நாம் அதன்மேற் கை வைத்தோம். ஆதலின் குற்றத்தை நம் கை சென்ற வழியிலே தேடவேண்டுமேயன்றி வண்டியின் முதுமையிலே தேடலாகாது.

இதனை மறுப்போர் இருதிறத்தார். ஒரு சாரார், "தொழில் தெரியாதவன் கை வைத்ததே தவறு" என்பர். மற்றொரு சாரார், "இக்காலத்து வண்டிகள் கணினியால் நடப்பன, பழைய வண்டியைப் பற்றிய பேச்சு மாணவர்க்கு எற்றுக்கு?" என்பர். இவ்விரு திறத்தார்க்கும் விடை என் சொந்த அனுபவத்திலேயே உளது. அவ்வனுபவம் எனக்குப் பெருமை தருவதன்று என்பதை முன்னரே சொல்லிவிடுகிறேன்.

எங்கள் வீட்டில் 1978-ஆம் ஆண்டில் வாங்கிய அம்பாஸிடர் மார்க் 3 வண்டி ஒன்று உண்டு. ஆங்கில நாட்டு மாரிஸ் ஆக்ஸ்போர்டு வண்டியின் வழித்தோன்றலாய், வங்காளத்து உத்தரபாராவில் உற்பத்தியாகி, 2014-ஆம் ஆண்டோடு நின்றுபோன குலத்தைச் சேர்ந்தது. 1489 கன சென்டிமீட்டர் கொள்ளளவுள்ள நான்கு சிலிண்டர் பெட்ரோல் என்ஜின். என் தந்தையார் வாங்கியது. அவர் காலமான பின்னும் என் தாயாருக்கு அதுவே வண்டி. புதிய வண்டிகளில் ஏறுவதற்குக் குனிந்து, முழங்காலை மடக்கி, பள்ளத்தில் இறங்குவதுபோல இறங்கவேண்டும்; அம்பாஸிடரில் நாற்காலியில் அமர்வதுபோல அமரலாம். மூட்டு வலியுடைய முதியோர்க்கு இது சிறிய விஷயமன்று. ஆயினும் என் தமையன்மார் இருவரும் அவ்வண்டியைக் காயலான் கடைக்கு அனுப்பிவிட வேண்டுமென்று சில ஆண்டுகளாகச் சொல்லி வந்தனர். 15 ஆண்டு கடந்த சொந்த வண்டிக்கு 5 ஆண்டுக்கு ஒரு முறை சோதனை காட்டிப் பதிவைப் புதுப்பிக்கவேண்டும். அந்தச் சோதனைக்கு ஒரு வாரமே இருந்தது.

அதற்கென வண்டியைச் செம்மை செய்யக் கருதி, ஒரு சனிக்கிழமை காலையில் யானும் என் தமக்கையின் மகனும் வேலையைத் தொடங்கினோம். அவன் நம் கலாசாலையில் பௌதிக வகுப்பில் இரண்டாம் ஆண்டு மாணவன். என்ஜின் ஆயிலை மாற்றினோம். நான்கு பிளக்குகளையும் கழற்றித் துடைத்து, இடைவெளியை 0.025 அங்குலமாக அமைத்தோம். டிஸ்ட்ரிப்யூட்டரின் உள்ளே தேய்ந்து கறுத்திருந்த பாயிண்டை எடுத்துவிட்டுப் புதியதை வைத்து 0.015 அங்குல இடைவெளி கொடுத்தேன். அது என் கை வேலை. பழைய பிளக் வயர்களை நீக்கிப் புதியன மாட்டியது மருமகன் வேலை. மாலை நான்கு மணிக்குச் சாவியைத் திருப்பினேன். செல்ஃப் நன்றாக எடுத்தது, என்ஜின் சுற்றியது, ஆனால் ஓர் இருமல்கூட இல்லை.

பத்து முறை முயன்றபின் யான் மருமகனை நோக்கி, "நீ வயரை மாற்றிப் போட்டிருப்பாய்" என்றேன்.

"இல்லை மாமா, ஒன்றைக் கழற்றினால் அந்த இடத்திலேயே புதியதை மாட்டிவிட்டுத்தான் அடுத்ததைத் தொட்டேன்" என்றான்.

யான் அதனை ஏற்கவில்லை. சிறு பிள்ளைகள் அப்படித்தான் சொல்வார்கள் என்று சொல்லி, நான்கு வயர்களையும் ஒருமிக்கப் பிடுங்கினேன். 1-3-4-2 என்ற வெடிப்பு வரிசை எனக்கு மனப்பாடம்; அவ்வரிசைப்படியே மீண்டும் மாட்டினேன். அதன்பின்னும் வண்டி கிளம்பவில்லை. சோக்கை இழுத்து இழுத்து, பாட்டரியின் வலி ஒழியும்வரை சாவியைத் திருப்பிக்கொண்டே இருந்தேன். அன்றிரவு அவன் சரியாக உண்ணவில்லை என்று தமக்கையார் சொன்னார்.

மறுநாள் ஒரு மெக்கானிக்கை அழைத்து வந்தோம். அவர் பிளக் துளையில் கட்டைவிரலை வைத்து, என்ஜினைச் சுற்றச் செய்து பார்த்து, "கம்ப்ரஷனே இல்லை சார். என்ஜினை இறக்கித்தான் வேலை பார்க்கவேண்டும்" என்றார். அதற்காகும் தொகையைக் கேட்ட தமையனார் தொலைபேசியில் சிரித்தார். "நான் சொன்னேனே" என்றார். தாயார் மட்டும் ஒன்றும் சொல்லவில்லை.

இது நிற்க. அன்று பிற்பகல், கோபம் ஆறியபின், யானும் மருமகனும் திண்ணையில் அமர்ந்து எண்ணிப் பார்த்ததை முறையாக எழுதுகிறேன். ஒரு பெட்ரோல் என்ஜின் கிளம்புவதற்கு வேண்டுவன மூன்றே. காற்றோடு கலந்த பெட்ரோல் உள்ளே செல்லவேண்டும்; அது பிஸ்டனால் நெருக்கப்படவேண்டும்; நெருக்கம் முற்றும் தருணத்தில் அங்கே ஒரு பொறி எழவேண்டும். இவற்றுள் நெருக்கம் எனப்படும் கம்ப்ரஷன், வளையங்களும் வால்வுகளும் பல ஆண்டுகளாகத் தேய்வதால் மெல்ல மெல்லக் குறைவது. வெள்ளிக்கிழமை கடைவீதிக்குப் போய்வந்த வண்டியில், நான்கு சிலிண்டரிலும் அது ஒருங்கே சனிக்கிழமை மறையாது. அங்ஙனமாயின் மெக்கானிக் பொய் சொன்னாரா? இல்லை. அவர் கட்டைவிரல் உணர்ந்தது மெய். அதற்கு அவர் கண்ட காரணமே பிழை. யான் சோக்கை இழுத்து நெடுநேரம் சுற்றியதனால் எரியாத பெட்ரோல் சிலிண்டர்களில் நிறைந்து, சுவரில் படிந்திருந்த ஆயிலைக் கழுவிவிட்டது. அந்த ஆயிற் படலமே வளையங்களின் இடுக்கை அடைத்து நெருக்கத்தைக் காப்பது. ஒவ்வொரு பிளக் துளையிலும் ஒரு தேக்கரண்டி ஆயில் விட்டுச் சுற்றிப் பார்த்தோம். கட்டைவிரலைத் தள்ளும் அளவுக்கு நெருக்கம் மீண்டது. முதற் குற்றத்தைத் தேடும் ஆத்திரத்தில் நாமே உண்டாக்கிய இரண்டாவது குற்றத்தைப் பார்த்து, அதுவே மூலகாரணம் என்று ஒரு தொழிலாளி மயங்க நேர்ந்தது. ஒரு வீட்டின் பெருஞ்செலவு இத்தகைய மயக்கத்தின்மேல் நிற்கக் கூடும்.

பெட்ரோலைப் பற்றி ஐயமில்லை. கழற்றிய பிளக்குகள் நான்கும் நனைந்து மணத்தன. எஞ்சியது பொறி. ஒரு பிளக்கை வயரோடு கோத்து, பெட்ரோல் நெடி முற்றும் போனபின், என்ஜினின் இரும்பில் படும்படி கிடத்திச் சுற்றினோம். பொறி எழவில்லை.

இங்கேதான் மருமகன் ஒரு வார்த்தை சொன்னான். "மாமா, நான் வயரை மாற்றிப் போட்டிருந்தால் வண்டி சும்மா இருந்திருக்காதே" என்றான். அவன் சொன்னது முழுவதும் சரி. வயர்கள் இடம் மாறினால் பொறி இல்லாமற் போவதில்லை. வேண்டாத இடத்தில் வேண்டாத வேளையில் எழும். என்ஜின் இருமும், கார்புரேட்டர் வழியே காறித் துப்பும், சைலென்சரில் வெடிக்கும். எங்கள் வண்டியோ சனிக்கிழமை முழுவதும் வாய் திறக்கவேயில்லை. அந்த மௌனமே அவன் குற்றமற்றவன் என்பதற்குச் சாட்சி. நான்கு பிளக்கும் ஒருங்கே பொறியிழக்க வேண்டுமாயின், நான்குக்கும் பொதுவான இடத்திலேயே குற்றம் இருக்கவேண்டும். அப்பொதுவிடத்தில் கை வைத்தவன் யான் ஒருவனே.

பாயிண்ட் என்பது யாது? பாட்டரியிலிருந்து வரும் 12 வோல்ட் மின்சாரம் காயிலின் ஒரு சுருளில் ஓடி, பாயிண்ட் வழியே வண்டியின் உடலைச் சேர்ந்து பாட்டரிக்குத் திரும்புகிறது. டிஸ்ட்ரிப்யூட்டரின் நடுத்தண்டு சுழன்று பாயிண்டைத் திறந்த கணத்தில் அவ்வோட்டம் அறுகிறது. சுருளின் காந்த வலி சட்டென்று விழுகிறது. அவ்வீழ்ச்சியால் பல்லாயிரம் சுற்றுள்ள மற்றொரு சுருளில் பல்லாயிரம் வோல்ட் எழுந்து பிளக்கின் இடைவெளியைத் தாண்டுகிறது. 1831-ஆம் ஆண்டில் மைக்கேல் பாரடே கண்ட மின்தூண்டல் விதியே இது. அதனை மோட்டார் வண்டிக்கு ஏற்ற முறையில் அமைத்தவர், 1912-ஆம் ஆண்டின் காடிலாக் வண்டியில் கைப்பிடியின்றிக் கிளப்பும் மின்சார ஸ்டார்ட்டரையும் அமைத்த அமெரிக்கரான சார்லஸ் கெட்டரிங். இவ்விதியைக் கலாசாலைப் பரீட்சையில் படம் வரைந்து எழுதியவன் யான். என்ஜின் மூடியின் கீழே அதே படம் எண்ணெய்க் கறையோடு கிடந்தபோது எனக்கு அடையாளம் தெரியவில்லை.

சோதனை எளிது. ஒரு 12 வோல்ட் பல்பை எடுத்து, அதன் ஒரு வயரைக் காயிலில் டிஸ்ட்ரிப்யூட்டர் பக்கத்து முனையிலும், மற்றதை வண்டியின் இரும்பிலும் வைத்துக்கொண்டு, சாவியைப் போட்டு என்ஜினை மெல்லச் சுற்றவேண்டும். டாப் கியரில் வைத்து வண்டியை ஒருவர் தள்ளினாலே போதும். பாயிண்ட் மூடியிருக்கையில் பல்பு அணையும், திறக்கையில் எரியும். எங்கள் பல்பு எரியவேயில்லை. ஆனால் டிஸ்ட்ரிப்யூட்டருக்குச் செல்லும் சிறு வயரைக் காயிலிலிருந்து நீக்கியவுடன் பளிச்சென்று எரிந்தது. இதன் பொருள், மின்சாரம் காயில் வரை வருகிறது; டிஸ்ட்ரிப்யூட்டருக்குள்ளே பாயிண்ட் திறந்தாலும் மூடினாலும் எங்கோ ஓயாமல் இரும்பில் இறங்கிக்கொண்டிருக்கிறது என்பது.

மூடியைத் திறந்தோம். பாயிண்டின் வில்லையும், கண்டென்சரிலிருந்தும் காயிலிலிருந்தும் வரும் இரண்டு வயர்களின் வளையங்களையும் ஒரு சிறு இரும்புக் காலில் கோத்து நட்டு வைத்து முடுக்குவது வழக்கம். அவ்விரும்புக் காலுக்கும் இவற்றுக்கும் இடையே, சட்டை போட்டாற்போல, ஒரு சிறு பிளாஸ்டிக் குழல் உண்டு. வில்லும் இரு வளையங்களும் ஒன்றையொன்று தொடவேண்டும். மூன்றும் இரும்பைத் தொடலாகாது. யான் ஒரு வளையத்தைக் குழலுக்கு மேலே, நட்டுக்கு நேர் கீழே வைத்து முடுக்கியிருந்தேன். கண்ணுக்கு எல்லாம் ஒழுங்காகவே தோன்றின. நட்டு இறுக்கமாகவே இருந்தது. இறுக்கம் மிகுந்த அளவுக்குத் தவறும் உறுதியாயிற்று என்றே சொல்லவேண்டும். வளையத்தை எடுத்து உரிய இடத்தில் வைக்க மூன்று நிமிடம் ஆயிற்று. செலவு ஒன்றுமில்லை.

மற்றொரு வீட்டாரிடம் பாட்டரி இரவல் வாங்கிச் சாவியைத் திருப்பினேன். இம்முறை என்ஜின் மௌனமாயில்லை. இரண்டு முறை உறுமி, கார்புரேட்டர் வழியே பெருஞ் சத்தத்தோடு துப்பி நின்றது. மருமகன் என் முகத்தைப் பார்த்தான், ஒன்றும் சொல்லவில்லை. அவன் சரியாக மாட்டியிருந்த வயர்களைப் பிடுங்கி யான் "திருத்திய" குற்றம் அது. 1-3-4-2 என்ற வரிசை மெய்தான். ஆனால் இவ்வண்டியின் டிஸ்ட்ரிப்யூட்டரில் ரோட்டர் இடஞ்சுழியாகச் சுற்றுவது. யான் கடிகார முள் சுற்றும் முறையில் வலஞ்சுழியாக மாட்டிவிட்டேன். அதனால் 1-உம் 4-உம் தத்தம் இடத்தில் இருக்க, 2-உம் 3-உம் மாறிப்போயின. அவ்விரண்டு பிஸ்டன்களும் சேர்ந்தே மேலேறுவன. ஒன்று நெருக்கத்தின் முடிவில் நிற்கும்போது மற்றது புகையைத் தள்ளி முடித்து, பெட்ரோல் வரும் வால்வு திறக்கும் நிலையில் நிற்கும். அங்கே பொறி எழுந்தால் கார்புரேட்டரை நோக்கித் துப்பாமல் வேறென்ன செய்யும்? பையன் கழற்றிய பழைய வயர்களைக் கொண்டுவந்து காட்டினான். ஒவ்வொன்றிலும் நூல் கட்டி, முதல் வயரில் ஒரு முடிச்சு, இரண்டாவதில் இரண்டு என்று நான்கு வரை முடிந்து வைத்திருந்தான். புதிய வயர்களிலும் அப்படியே. யான் பிடுங்கும்போது அம்முடிச்சுகள் என் விரலில் பட்டிருக்கவேண்டும்.

இனி, முதலிற் கூறிய இருதிறத்தார்க்கும் விடை கூறுவேன். கை வைத்ததே தவறு என்போர் என் கதையைத் தமக்குத் துணையாகக் கொள்ளக்கூடும். அவர்கள் கவனிக்கவேண்டியது ஒன்று. அதே நாளில் அதே வண்டியில் கை வைத்த இருவருள் ஒருவன் பிழை செய்யவில்லை, அவனும் தொழிலாளியல்லன். கை வைத்தது குற்றமன்று. திரும்பி வரும் வழியைக் குறித்துக்கொள்ளாமல் உள்ளே போனதும், ஒரே நாளில் ஐந்து இடத்தில் கை வைத்துவிட்டு இறுதியில் ஒருமுறை மட்டும் சாவியைத் திருப்பியதுமே குற்றம். ஆயில் மாற்றியதும் ஒருமுறை, பிளக் துடைத்ததும் ஒருமுறை, பாயிண்ட் வைத்ததும் ஒருமுறை என்று கிளப்பிப் பார்த்திருந்தால், பாயிண்ட் வைத்த கணமே குற்றம் தன்னைக் காட்டிக்கொடுத்திருக்கும். வயரின்மேல் ஐயமே பிறந்திராது. இக்காலத்தில் எல்லோர் கையிலும் புகைப்படம் எடுக்கும் தொலைபேசி உண்டு. கழற்றுமுன் ஒரு படம் எடுக்க எவ்வளவு நேரம் ஆகும்? யான் அன்று கழற்றியபின்தான் எடுத்தேன். அதுவும் நண்பர்க்கு அனுப்புவதற்காக.

நம் ஐயம் நம் கையைவிட்டு விலகியோட விரும்புவது இயல்பு. என் நண்பர் ஒருவர் தம் பழைய பஜாஜ் சேத்தக் ஸ்கூட்டரின் கார்புரேட்டரைத் தாமே கழுவி மாட்டி, ஒரு மணி நேரம் உதைத்து, பின் புதிய பிளக்கும் புதிய காயிலும் வாங்கிவந்தார். கழுவும்போது பெட்ரோல் ஒழுகாதிருக்கத் தாமே மூடிய குழாயைத் திறக்க மறந்திருந்தார். பாட்டரியைக் கழற்றிச் சுத்தம் செய்தோர் அதன் முனையை இறுக்காமல் விட்டுவிட்டுச் செல்ஃப் மோட்டாரைக் கழற்றுவதும் இவ்வகையே. விளக்கு எரிகிறதே என்று அவர்கள் மயங்குவர். விளக்குக்கு வேண்டுவது சிறிது மின்சாரம், செல்ஃபுக்கு வேண்டுவது அதைப்போலப் பன்மடங்கு என்பதை நினையார்.

முதுமைக்கு ஒரு பங்கும் இல்லையென்று யான் வாதிக்கவில்லை. காய்ந்த ரப்பர்க் குழாயை இலேசாக அசைத்தாலே விரிசல் விடும். அதன் வழியே காற்று புகுந்தால் பெட்ரோல் ஏறாது. 2025-ஆம் ஆண்டு முதல் நம் நாட்டுப் பெட்ரோலில் 20 விழுக்காடு எத்தனால் கலந்து வருவதனால், அதற்கென ஆக்கப்படாத பழைய குழாய்களும் வாஷர்களும் உப்பி இளகவும் கூடும். ஆயினும் அங்கேயும் நாம் எதை அசைத்தோம் என்ற கேள்வியே நம்மை அவ்விடத்திற்கு இட்டுச் செல்லும்.

இரண்டாம் திறத்தார்க்கு: புதிய வண்டிகளில் பாயிண்ட் இல்லை; டிஸ்ட்ரிப்யூட்டரும் இல்லை. ஆயினும் காற்றுச் சல்லடையை மாற்றும்போது கழற்றிய ஒரு சிறு இணைப்பை மீண்டும் மாட்ட மறப்பவர் இன்றும் உளர். கணினி ஒரு எண்ணைக் காட்டும். அவ்வெண் குறிக்கும் பொருளை விலைகொடுத்து வாங்கி மாற்றியபின்னும் விளக்கு அணையாது, ஏனெனில் கழன்றிருந்தது வயர்.

நம் பௌதிகப் பகுதியார்க்கு ஒரு விண்ணப்பம். தூண்டு சுருளைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்துக் காட்டுவதோடு, ஓர் உபயோகமற்ற பழைய நான்கு சிலிண்டர் என்ஜினையும் சோதனைச்சாலையின் ஓரத்தில் நிறுத்துங்கள். ஆசிரியர் ஒரு குற்றத்தை மறைவாக அமைக்கட்டும். மாணவர் இருவர் இருவராகக் கண்டுபிடிக்கட்டும். குற்றத்தை நீக்கியதற்கு மட்டும் மதிப்பெண் தரவேண்டா. எதைத் தொடுமுன் எதைச் சோதித்தனர், எதற்காக என்று எழுதிய குறிப்புக்கும் தாருங்கள். பரீட்சைத் தாளில் தவறு செய்தால் மதிப்பெண் போகும். திண்ணையில் தவறு செய்தால் ஒரு பையனின் பேச்சுக்கு மதிப்பில்லாமற் போகிறது. ஒரு தாயின் வண்டி காயலான் கடைக்குப் போகிறது.

வயர்களை மருமகனே மீண்டும் மாட்டினான். அரைச் சுற்றில் வண்டி கிளம்பியது. மெக்கானிக்கிடம் போய் நடந்ததைச் சொன்னேன். அவர் பாயிண்டைப் பார்க்காமற் போனேனே என்று வருந்தி, சோதனைக்கு முன் பிரேக்கைத் தாமே சரிபார்த்துத் தந்தார். பதிவு புதுப்பிக்கப்பட்டது. அன்று மாலை தாயாரை ஏற்றிக்கொண்டு தமையனார் வீட்டுக்குப் போனோம். மருமகன்தான் ஓட்டினான், யான் பின்னே அமர்ந்தேன்.